சுக்கான் பிடித்தவள்

யூரியாச் சாக்கை யன்னல் கம்பியில் கட்டி இழுத்தபோது அது நடுவால் கிழிந்தது. பெரிய சத்தமில்லை. ஆனாலும் பாயில் கிடந்த கந்தப்போடியின் உடம்பு வில்லாக வளைந்தது. பிடரியும் குதிகாலும் மட்டும் பாயில் ஊன்றியிருக்க, முதுகு நிலத்தை விட்டு எழும்பி நின்றது. குணமணி கிழிந்த சாக்கைக் கையில் பிடித்தபடி அசையாமல் நின்றாள். ஓடிப்போய்ப் பிடிக்கக் கூடாது. பிடித்தால் இன்னும் இறுகும். தகப்பன் வளைவதையும் பிறகு கொஞ்சங்கொஞ்சமாகத் தளர்ந்து பாயில் படிவதையும் பார்த்துக்கொண்டு நிற்கத்தான் அவளால் முடிந்தது.

"என்ன புள்ள சத்தம்?" வாசலில் நின்று மாமி மெல்லிய குரலில் கேட்டாள். சிவகாமிப்பிள்ளை, கந்தப்போடியின் ஒரே தங்கச்சி. வெருகலில் இந்த ஓட்டுவீடு அவளுடையது.

"சாக்குக் கிழிஞ்சிட்டு மாமி."

"கொடியில என்ர கறுப்புச் சீலை கிடக்கு. அதைக் கட்டு. பைய கட்டு."

சீலையை நாலாக மடித்துக் கட்டியதும் அறை இருண்டது. வெளியே உச்சி வெயில். கச்சான் காற்று பனையோலையை அடிக்கிற சத்தத்தை மட்டும் யாராலும் கட்டி மறைக்க முடியவில்லை.

ஏற்புவலி என்று மருந்துச்சாலை ஐயா முதல்நாள் வந்து பார்த்த உடனேயே சொல்லிவிட்டார். காலில் ஆணி குத்திய அன்றே ஊசி போட்டிருக்க வேண்டும். இப்போது பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுபோக வேண்டும். திருகோணமலைக்குப் போகிற பாதை சண்டையால் பூட்டிக் கிடந்தது. மட்டக்களப்புப் பக்கம் விடுவார்களா என்று கேட்டு ஆள் அனுப்பியிருந்தார்கள். "பாதை திறந்தா வாகனம் வரும்," என்றார் ஐயா. "அதுவரைக்கும் வெளிச்சம் கூடாது, சத்தம் கூடாது, தொடவும் கூடாது. அவருக்கு அறிவு தெளிவாத்தான் இருக்கும். நீங்கள் கதைக்கிறதெல்லாம் விளங்கும். வாய்தான் திறக்க ஏலாது. முகம் சிரிக்கிற மாதிரி இருக்குதே, அது சிரிப்பில்லை. தசை இழுக்கிறது. பார்த்துப் பயப்படாதேங்கோ."

கந்தப்போடியின் உதடுகள் இரண்டு பக்கமும் இழுபட்டுப் பற்கள் தெரிந்தன. வாழ்நாளில் அவர் அப்படிச் சிரித்ததைக் குணமணி கண்டதில்லை.

அந்த ஆணி எங்கே குத்தியது, ஏன் குத்தியது என்று வெருகலில் இருந்த எல்லோருக்கும் தெரியும். சம்பூரில் விட்டுவிட்டு வந்த அம்மாளாச்சியைத் தேடிப் போனவர், இடிந்த வீட்டுக்குள் தகரத்தைக் கிளறும்போது குத்திக்கொண்டார். எவ்வளவு பக்தி என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். மிச்சக் கதை குணமணிக்கு மட்டும் தெரியும்.

அம்மாளாச்சி என்பது மூன்று வெள்ளிக்காசு. தொண்ணூறாம் ஆண்டு சண்டை தொடங்கி ஊரெல்லாம் பங்கர் வெட்டியபோது கந்தப்போடியின் மண்வெட்டியில் ஒரு மண்குடுவை உடைந்தது. உள்ளே கரிக்கட்டி போல ஒட்டிக்கொண்டு கிடந்தவற்றைக் குணமணியின் தாய் புஷ்பவதி புளிபோட்டுத் தேய்த்தாள். பெருவிரல் நகத்தின் அகலம்தான். ஒரு பக்கம் தாடி வைத்த ராசாவின் தலை. மறுபக்கம் ஒவ்வொன்றிலும் ஒரு பெண். ஒருத்தியின் காலடியில் மயில் நின்றது. வெருகல் முருகனைக் கும்பிட்டு வளர்ந்தவரின் பெண்சாதி அவளை வள்ளியம்மை என்று சொல்லிவிட்டாள். இன்னொருத்திக்கு முதுகில் இறக்கை. "இது வேதக்காரரின்ர சம்மனசு போல கிடக்கு. இருந்திட்டுப் போகட்டும்," என்றாள்.

மூன்றாவதைக் கந்தப்போடி வெளிச்சத்துக்குப் பிடித்துக் கனநேரம் பார்த்தார். நின்றபடி இருந்த அந்தப் பெண் ஒரு கையில் பழம் நிறைந்த கொம்பைத் தாங்கியிருந்தாள். மற்றக் கை நீளமான ஏதோ ஒன்றின் மேல் இருந்தது.

"துடுப்பு," என்றாள் குணமணி. அப்போது அவள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள்.

"துடுப்பில்லை மகள், சுக்கான். பிடிச்சிருக்கிற விதத்தைப் பார். வலிக்கிறவள் இப்பிடி நிக்கமாட்டாள். இவள் தோணியைத் திருப்புறவள்."

கொட்டியாரக் குடாவில் வலை போட்டுப் பிழைத்த மனுசன் அவர். அன்றிலிருந்து மூன்று காசும் ஒரு பித்தளைக் குங்குமச் செப்புக்குள், சாமித்தட்டில் குடியிருந்தன. கடலுக்குப் போகும்போது மூன்றாவதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிவிட்டுத்தான் படலையைத் திறப்பார். ஞானசேகரம் வாத்தியார் ஒருநாள் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டு, இது ரோமர்களின் காசு, அந்தக் காலத்தில் அவர்களுடைய சாமான் இந்தத் துறைப் பக்கம் வந்திருக்கும், இவர்கள் அந்த நாட்டுப் பெண் தெய்வங்கள் என்று விளங்கப்படுத்தினார். கந்தப்போடி மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"எங்கத்தைய தெய்வமெண்டாலும், எங்கட வளவுக்கு வந்திட்டா. போ எண்டு சொல்ல ஏலுமே, வாத்தியார்?"

புஷ்பவதி செத்தாள். குணமணி யோகலிங்கத்தைக் கட்டினாள். யோகலிங்கம் ஒரு வாடைக்காற்று நாளில் கடலுக்குப் போய்த் திரும்பி வரவில்லை. தகப்பனும் மகளும் மட்டும் மிஞ்சிய வீட்டில் அவள் குவைத்துக்கு வீட்டுவேலைக்குப் போகிற யோசனையைச் சொன்னபோது கந்தப்போடி சோற்றில் இருந்து கையை எடுத்தார். "நான் இருக்கும்வரைக்கும் அந்தக் கதை வேண்டாம்," என்றார். அதற்குப் பிறகு அவள் அந்தக் கதையை வீட்டில் கதைக்கவில்லை. மூதூரில் பழம்பொருள் வாங்குகிற பாயிஸ் நானாவிடம் கதைத்தாள். அப்படியான காசுக்குக் கொழும்பில் ஆள் இருக்கு, கொண்டுவந்து காட்டுங்கோ தங்கச்சி என்றார் அவர். ஏஜென்சிக்காரனுக்குப் பணம் கொடுக்க வேறு வழியும் அவளுக்கு இல்லை.

சித்திரை வருசம் பிறந்து கொஞ்ச நாளில், தகப்பன் கரையில் வலை பொத்திக்கொண்டிருந்த நேரம் பார்த்து அவள் செப்பைத் திறந்தாள். காசுகளை எடுத்துப் பாவாடை ஓரத்தைப் பிரித்து உள்ளே வைத்துத் தைத்தாள். செப்பை மூடி அதே இடத்தில் வைத்தாள். மூதூருக்குப் போக உடுத்திக்கொண்டு நின்றபோதுதான் கிபிர் விமானம் குண்டு போட வந்தது. பிறகு செல்லடி. ஊர் முழுக்க இலக்கந்தைப் பக்கத்தால் காட்டுக்குள் இறங்கி ஓடியது. உடுத்த உடுப்போடு அவளும் தகப்பனும் ஓடினார்கள். தகப்பன் வலையைக்கூட எடுக்கவில்லை.

வெருகலில் மாமி வீட்டுப் படலைக்குள் கால் வைத்ததும் கந்தப்போடி தலையில் கை வைத்துக்கொண்டு மண்ணில் குந்திவிட்டார்.

"அம்மாளாச்சியை விட்டிட்டு வந்திட்டன் சிவகாமி. மூண்டு பேரையும் தனிய விட்டிட்டு வந்திட்டன்."

அந்த நேரம் சொல்லியிருக்கலாம். என்னட்டத்தான் இருக்கு அப்பா என்று ஒரு சொல். தகப்பன் சந்தோசப்பட்டிருப்பார். என் பிள்ளை மறக்காமல் தூக்கிக்கொண்டு வந்தாள் என்று தங்கச்சியிடம் பெருமையடித்திருப்பார். பொய்கூடத் தேவைப்பட்டிராது. ஆனால் பாவாடை ஓரத்தைப் பிரித்துக் காட்ட வேண்டும். அந்த ஓட்டத்தில் எப்போது தைத்தாய் என்று மாமி கேட்பாள். குணமணி குடத்தை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனாள். விடிந்த பிறகு, ஆறுதலாக, வேறு விதமாகச் சொல்லலாம் என்று நினைத்தாள்.

விடிந்தபோது மாமியின் மகனுடைய சைக்கிளும் இல்லை, தகப்பனும் இல்லை. ஊருக்கு மாடு தேடிப் போகிறவர்களோடு போய்விட்டார்.

திரும்பி வரும்போது சைக்கிளைப் பிடித்து நடந்து வந்தார். வலது காலில் சாரத்துண்டு கட்டியிருந்தது. சாமியறை இருந்த பக்கம் சுவரோடு விழுந்து கிடந்ததாம். ஒரு பகல் முழுக்கக் கல்லையும் தகரத்தையும் கிளறிச் செப்பைக் கண்டுபிடித்தாராம். மூடி திறந்தபடி, வெறுமையாகக் கிடந்ததாம். மண்ணை அரித்து அரித்துப் பார்த்தாராம். கால் ஒன்றும் இல்லை, சின்ன ஆணி, உப்புத்தண்ணியில் கழுவினால் போதும் என்றார்.

காயம் ஆறியது போலத்தான் இருந்தது. அவர்தான் ஆறவில்லை. மாமரத்துக்குக் கீழே கதிரையில் இருந்துகொண்டு கிழக்கே பார்ப்பார். ஒருநாள் குணமணி தேத்தண்ணி கொண்டுபோனபோது சொன்னார்:

"நான் விட்டிட்டு ஓடினனான் மகள். கொம்மா இருந்தா விட்டிருக்கமாட்டாள். விட்டிட்டு ஓடினவனிட்டத் தெய்வம் என்னத்துக்கு இருக்கும்?"

தேத்தண்ணிக் கோப்பையின் சூடு அவள் விரலைச் சுட்டது. "ஆரும் எடுத்திருப்பினம் அப்பா," என்றாள்.

"எடுத்திருந்தா நல்லது. எடுத்தவை நல்லா இருக்கட்டும். மண்ணுக்க புதைஞ்சு கிடக்கிறாளோ எண்டுதான் எனக்குப் பொறுக்க ஏலாமக் கிடக்கு."

அதைவிட நல்ல சந்தர்ப்பம் ஒன்றை அந்த மனுசன் அவளுக்குத் தந்திருக்க முடியாது. அவர் தேத்தண்ணியைக் குடித்து முடித்துக் கோப்பையைத் தரும்வரை அவள் பக்கத்திலேயே நின்றாள். கோப்பையை வாங்கிக்கொண்டு குசினிக்குப் போனாள்.

அடுத்த சில நாட்களில் கழுத்து இழுக்குது என்றார். பிறகு வெற்றிலை போட வாய் திறபடவில்லை.

இப்போது, கறுப்புச் சீலை கட்டிய அறைக்குள், மாமி கதவிடுக்கால் தலையை நீட்டினாள். "நான் சந்திவரைக்கும் போய் வாகனத்தைப் பற்றி விசாரிச்சுக்கொண்டு வாறன். நீ கிட்டப் போகாத. இதில இருந்து பார்த்தாக் காணும்."

"ஓம் மாமி."

செருப்புச் சத்தம் படலையைத் தாண்டியது. குணமணி சுவரோடு சாய்ந்து குந்தினாள். இருட்டுக்குக் கண் பழகியபோது தகப்பனின் கண்கள் திறந்திருப்பது தெரிந்தது. கழுத்துத் திரும்பாததால் அவை கூரையைத்தான் பார்த்தன. வேர்வை கன்னத்தால் வழிந்து காதுக்குள் போய்க்கொண்டிருந்தது. துடைக்கவும் கூடாது.

அறிவு தெளிவாத்தான் இருக்கும். ஐயா சொன்ன சொல் அவளுக்குள் சுற்றிச் சுற்றி வந்தது. வாகனம் வரலாம், வராமலும் போகலாம். விட்டிட்டு ஓடினவன் என்கிற நினைப்போடுதான் இந்த மனுசன் இங்கே கிடக்கிறார். அதுவும் தெளிவாகத்தான் இருக்கும்.

அவள் பாவாடை ஓரத்தைப் பல்லால் கடித்துப் பிரித்தாள். விரலை விட்டு நெம்பியபோது ஒரு காசு கையில் வந்தது. பெருவிரலால் தடவிப் பார்த்தாள். சுக்கான்.

பாய்க்குப் பக்கத்தில் முழங்காலில் இருந்து, மூச்சுப் போல மெல்லிய குரலில் சொன்னாள்:

"அப்பா. அவள் என்னட்டத்தான் இருக்கிறாள். நான்தான் எடுத்தனான். விக்கிறதுக்கு எடுத்தனான் அப்பா. நீங்கள் விட்டிட்டு வரேல்ல. நான்தான் சொல்லாம இருந்திட்டன்."

காசை அவர் முகத்துக்கு நேரே பிடித்தாள். கூரை ஓட்டு நீக்கலால் வந்த ஒரு நூல் வெளிச்சத்தில் வெள்ளி மினுங்கியது. கண்மணிகள் கூரையை விட்டுக் காசுக்கு வந்தன. காசிலிருந்து அவளுக்கு வந்தன. அந்த முகத்தில் எதையும் வாசிக்க முடியவில்லை. உதடு ஒரே மாதிரித்தான் சிரித்துக்கொண்டிருந்தது. கண் நிறைந்து ததும்பியதை மட்டும் கண்டாள். அதைக் கோபம் என்றும் சொல்லலாம், வேறு என்னவென்றும் சொல்லலாம்.

தொடக் கூடாது என்று அவளுக்கு நல்லாய்த் தெரியும். தெரிந்துகொண்டுதான் தகப்பனின் உள்ளங்கையில் காசை வைத்து விரல்களை மடித்தாள்.

கை இறுகியது. அதோடு சேர்ந்து முழு உடம்பும் இறுகி எழும்பியது. இந்த முறை அது தளரவில்லை. கழுத்து நரம்பு புடைத்து முகம் நீலமாகியது. "அப்பா, அப்பா," என்று சத்தத்தை மறந்து கத்தினாள். தோளைப் பிடித்து அமுக்கினாள். எவ்வளவு நேரமென்று அவளுக்குத் தெரியாது. உடம்பு பாயில் மெல்லப் படிந்தபோது அதில் மூச்சு இருக்கவில்லை.

மாமி ஓடி வந்தாள். பின்னேரத்துக்குள் வாகனம் வருமாம் என்ற செய்தி அவள் வாயிலேயே நின்றுபோயிற்று.

சீலையை அவிழ்த்து யன்னலைத் திறந்தார்கள். அறைக்குள் வெளிச்சம் வந்தது. அயலவர்கள் வந்தார்கள். பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்த சம்பூர்ச் சனமும் வந்தது. இனிச் சத்தம் போட்டு அழலாம் என்று ஆனதும் பெண்கள் ஒருவரையொருவர் கட்டிப் பிடித்து ஒப்பாரி வைத்தார்கள். குணமணி தகப்பனின் தலைமாட்டில் குந்தினாள். ஒவ்வொரு பெண்ணும் வந்து அவள் தோளில் சாய்ந்து அழுதுவிட்டுப் போனாள்.

குளிப்பாட்டும்போதுதான் வலது கை விரியவில்லை என்று கண்டார்கள். மாமி நல்லெண்ணெய் பூசி ஒவ்வொரு விரலாக நீவினாள். சுண்டுவிரலும் மோதிரவிரலும் சற்று விட்டுக்கொடுத்தன. உள்ளே பார்த்த மாமி எண்ணெய்க் கிண்ணத்தைக் கீழே போட்டாள்.

"ஐயோ, என்ர அம்மாளாச்சி!"

சம்பூரில் அடுத்த வளவில் இருந்த கமலேஸ்வரி குனிந்து பார்த்துவிட்டு நெஞ்சில் கை வைத்தாள். "அவளேதான். சாமித்தட்டில நான் கண்டிருக்கிறன். சுக்கான் வைச்சிருக்கிறவள். மண்ணுக்க கிடந்தவள் எப்பிடி இஞ்ச வந்தவள்?"

"அண்ணன் வெறுங்கையோடதான் வந்தவன். சாரத்தை நான்தானே தோய்ச்சனான்," என்றாள் மாமி. "புள்ள குணம், நீ பக்கத்தில இருந்தனி. கண்டனியா?"

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். வெளியே ஆண்கள் பாடைக்குத் தடி வெட்டுகிற சத்தம் கேட்டது. குணமணி தகப்பனின் முகத்தைப் பார்த்தாள். ஈரத்தில் அது இன்னும் சிரித்தபடி இருந்தது.

"நான் காணேல்ல மாமி," என்றாள்.

"தேடிப் போனவரைத் தேடி வந்திட்டாள்," என்றாள் கமலேஸ்வரி. "முகத்தைப் பாருங்கோ. ஆருக்குக் கிடைக்கும் இப்பிடிச் சிரிச்ச சாவு?"

கதை படலையைத் தாண்டிப் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டது. அங்கிருந்து பெண்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். மூடிய கையைத் தொட்டுத் தங்கள் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். வீடும் வயலும் விட்டுவிட்டு வந்த சனம் அது. ஒரு கிழவி, தன் வீட்டைப் பற்றிக் கேட்பவள் போல அந்தக் கையிடம் ஏதோ கேட்டாள். குணமணி தலைமாட்டில் இருந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். வாய்க்கரிசி போட முறை வந்தபோது எழும்பினாள். அரிசி உதட்டில் தங்காமல் கழுத்தால் உதிர்ந்தது.

காசை எடுக்க வேண்டாம், அவனோடேயே போகட்டும் என்று மாமி சொல்லிவிட்டாள். ஆண்கள் பாடையைத் தூக்கிக்கொண்டு ஆற்றங்கரைச் சுடலைக்குப் போனார்கள். வெருகலில் புதைப்பதுதான் வழக்கம். பெண்கள் படலையோடு நின்றார்கள்.

கிணற்றடியில் பெண்கள் ஆளுக்கொரு வாளி அள்ளி அவள் தலையில் ஊற்றினார்கள். நனைந்த பாவாடை காலில் ஒட்டியது. ஓரத்தில் மிஞ்சியிருந்த இரண்டு காசும் கணுக்காலில் இடித்தன. மயில்காரியும் இறக்கைக்காரியும். அவள் கையால் அவற்றை மறைத்துக்கொண்டு நின்றாள். குளிரென்று நினைத்துக் கமலேஸ்வரி துவாயைக் கொண்டுவந்து போர்த்தினாள்.

"அழு புள்ள," என்றாள். "அழாம நிக்கக் கூடாது. நீ எவ்வளவு பார்த்தனி அந்த மனுசனை. உன்னைப் போல மகள் ஆருக்கு இருக்கிறாள்?"

பொழுது சாயும்போது அயல்வீட்டிலிருந்து சோறும் பருப்பும் கத்தரிக்காய்க் கறியும் வந்தன. சாவீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை. எல்லோரும் போய்விட்டார்கள். கூட்டிக் கழுவிய முற்றத்தில் ஈரம் காயவில்லை. குணமணி கையைக் கழுவவும் இல்லை, சோற்றுக் கோப்பையைத் தொடவும் இல்லை.

மாமி பக்கத்தில் வந்து இருந்தாள். அழுதழுது அவள் கண் வீங்கியிருந்தது. ஆனாலும் முகத்தில் ஒரு தெளிவு வந்திருந்தது.

"அண்ணன் குறையோட போகேல்ல குணம். அதை நினைச்சு மனத்தைத் தேற்று. எனக்கு அது போதும்." சோற்றில் பருப்பைவிட்டுப் பிசைந்தாள். "காலையில இருந்து ஒண்டும் தின்னேல்ல நீ."

"மாமி," என்றாள் குணமணி.

"என்ன புள்ள?"

மாமி பிசைவதை நிறுத்தினாள். தூரத்தில் பள்ளிக்கூடத்துப் பக்கம் யாரோ பெண்கள் ஒன்றாகச் சேர்ந்து அம்மன் தாலாட்டுப் பாடத் தொடங்கியிருந்தார்கள். காற்று அதை விட்டுவிட்டுக் கொண்டுவந்தது.

"கதையெல்லாம் பிறகு கதைப்பம்," என்றாள் மாமி. ஒரு பிடி சோற்றை உருட்டி அவள் முகத்துக்கு நேரே கொண்டுவந்தாள். "முதல்ல வாயைத் திற."

குணமணி வாயைத் திறந்தாள். மாமி சோற்றை உள்ளே வைத்து, உதட்டில் ஒட்டியிருந்த பருக்கையை விரலால் தள்ளிவிட்டு, அடுத்த பிடியைப் பிசைந்தாள்.